அச்சைக் கொடு சாமி!

'நீரோ' என்றதும் உங்களுக்கு யார் ஞாபகத்துக்கு வருகிறார்?

ரோமாபுரி பற்றி எரிந்தபோது பிடில் வாசித்ததாகக் கதை சொல்லப்படும் சக்கரவர்த்தி என்றால், நீங்கள் பள்ளிக்கூடத்தில் சரித்திர வகுப்பில் தூங்காதவர். 'சி.டி. எரிக்கிற சாஃப்ட்வேர்தானே சார்?' என்றால், கை கொடுங்கள், நீங்கள் நம்ம கட்சி! அதன் முழுப் பெயர் 'நீரோ பர்னிங் ரோம்'. கம்ப்யூட்டர் பாஷையில் ரோம் என்றால் படிக்க மட்டும் முடிகிற மெமரி. நீரோ எரிக்கும் ரோம்! பெயர் வைத்தது ஒரு ஜெர்மன் கம்பெனி. ஜெர்மனிக்காரர்களுக்கு ஹாஸ்யம் வராது என்று எவன் சொன்னது?

அந்த நீரோவுக்கு நான் ஐந்து வருஷம் அரண்மனைச் சேவகம் செய்தேன். இடம்: தர்மபுரி நாலு ரோட்டுக்குப் பக்கத்தில், மாடிப்படி ஏறினால் இடது கைப் பக்கம், ஒரு கல்யாண வீடியோ கடை. காலம்: 2010 முதல் 2015 வரை. பதவி..? அங்கேதான் தகராறு.

நான் பி.காம். கணக்கு எழுதத்தான் போனேன். இரண்டாவது மாசம் எடிட்டிங் பையன் பெங்களூருக்கு பஸ் ஏறிவிட்டான். (எங்கள் ஊரில் யாரையாவது காணவில்லை என்றால் போலீஸுக்குப் போக மாட்டோம். பெங்களூருக்கு ஃபோன் போடுவோம்.) கடை ஓனர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, நீ டேலி போடறே இல்ல?"

"ஆமாங்கண்ணா."

"அதுவும் கம்ப்யூட்டர், இதுவும் கம்ப்யூட்டர். நாளையிலேருந்து நீதான் எடிட்டர்."

மூன்று வருஷம் படித்து வாங்கிய டிகிரி, மூன்று வினாடியில் சினிமாத் துறைக்கு மாறிய கதை இதுதான்.

* * *

தொழிலின் நெளிவு சுளிவு பிடிபட ஆறு மாசம் ஆனது. கணக்கு மட்டும் முதல் நாளே பிடிபட்டது. கல்யாண ஆர்டரோடு மூன்று டி.வி.டி. இலவசம். அதற்கு மேல் காப்பி ஒன்று 150 ரூபாய். வெற்று டிஸ்க்கின் அடக்க விலை, கவரோடு சேர்த்து, இருபதைத் தாண்டாது. காமர்ஸ் வகுப்பில் 'கிராஸ் பிராஃபிட்' என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். நேரில் பார்த்தது அப்போதுதான். கண் கலங்கிவிட்டது.

"மாஸ்டர் மட்டும் கஸ்டமர் கைக்குப் போகக்கூடாது தம்பி" என்பார் அண்ணன். "அது போச்சுன்னா கஸ்டமரும் போயிட்டான்."

மாஸ்டர் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். ஒரு டி.வி.டி.யைக் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே இரண்டு ஃபோல்டர். ஒன்று 'வீடியோ டி.எஸ்.', இன்னொன்று 'ஆடியோ டி.எஸ்.'. இரண்டாவது எப்போதும் காலி. ("பாட்டு ஃபோல்டர் காலியா இருக்கே, பாட்டை எடுத்துட்டீங்களா?" என்று சண்டைக்கு வந்த மாப்பிள்ளைகள் உண்டு. அது டி.வி.டி. ஆடியோ என்ற வேறு ரகத்துக்காக ஒதுக்கிய இடம். நம்ம பாட்டு படத்தோடு சேர்ந்தே இருக்கும்.) முதல் ஃபோல்டரில்தான் கல்யாணமே குடியிருக்கிறது. ஒவ்வொன்றும் ஒரு ஜி.பி.க்கு மிகாமல் துண்டு துண்டாகப் படம், எந்தத் துண்டுக்கு அப்புறம் எந்தத் துண்டு என்று சொல்லும் குறிப்புகள், அந்தக் குறிப்பு கெட்டுப்போனால் இருக்கட்டும் என்று அதற்கு ஒரு நகல். 'தாலி கட்டுதல்', 'மொய்', 'சாப்பாடு' என்று மெனுவில் பட்டன் வைத்தால், அதை அமுக்கினதும் சரியான இடத்துக்குத் தாவ வைப்பது அந்தக் குறிப்புதான். (எல்லா வீட்டிலும் முதலில் அமுக்கப்படும் பட்டன் 'சாப்பாடு'. தங்கள் பந்தியில் வடை வைத்தார்களா என்று பார்க்க.)

இதில் ஒரு துண்டைத் தனியாகக் காப்பி அடித்துக் கொடுத்தால் மெனு போச்சு, வரிசை போச்சு. அதனால் மொத்த டிஸ்க்கையும் அப்படியே ஒரே ஃபைலாக உருட்டி வைப்போம். அதற்குப் பெயர் ஐ.எஸ்.ஓ. ஃபைல். அது இருந்தால் போதும். எந்த ஊரில், எந்தக் கம்ப்யூட்டரில், எத்தனை டிஸ்க் வேண்டுமானாலும் அச்சு அசல் அதே மாதிரி எரித்துக்கொள்ளலாம்.

அந்த ஃபைல் கடை கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில், அண்ணனின் கஜானாவில், பத்திரமாக இருந்தது. ஒரே ஒரு கஜானா. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

* * *

2012. கரண்ட் ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும் என்று தமிழ்நாடே (சென்னை நீங்கலாக) வியர்த்துக் கொண்டிருந்த வருஷம். ஒரு பெரியவர் படியேறி வந்தார். பாலக்கோட்டுக்கு அந்தாண்ட ஒரு கிராமம். சொந்தமாகக் கரும்பு, சொந்தமாக ஆலை, வெல்லம் காய்ச்சுகிறவர். மகள் கல்யாணத்தை எங்கள் கடைதான் எடுத்தது.

"இன்னும் முப்பத்திரண்டு காப்பி வேணும் சாமி. பங்காளி வூடு, மாமன் வூடு, ஓசூர்ல நாலு, திருப்பூர்ல ஆறு..."

நான் கால்குலேட்டரைக்கூட எடுக்கவில்லை. "நாலாயிரத்தி எண்ணூறு ஆகுங்க ஐயா."

பெரியவர் கோபப்படவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். அண்ணனைப் பார்த்துச் சொன்னார்:

"ஏம்பா, நான் வெல்லம் காய்ச்சறேன். பாகு பதம் வந்ததும் அச்சுல ஊத்தறேன். அந்த அச்சை ஆசாரி ஒரு தரம் செஞ்சு கொடுத்தாரு, ஒரு தரம் காசு வாங்கினாரு. அப்புறம் நான் ஊத்தற ஒவ்வொரு வெல்லத்துக்கும் ஆசாரிக்கா காசு கொடுக்கறேன்? நீ எனக்கு வெல்லம் கொடுக்க வேணாம். அச்சைக் கொடு சாமி. தம்பி மகன் சேலத்துல இஞ்சினீரு படிக்கறான், கம்ப்யூட்டரு வெச்சிருக்கான். நாங்களே ஊத்திக்கறோம்."

கடையில் நிசப்தம். (கரண்டும் போயிருந்தது.)

ஐ.எஸ்.ஓ. ஃபைலுக்குத் தமிழில் என்ன பெயர் என்று என்னை யாராவது கேட்டால், இன்றைக்கும் ஒரே பதில்தான்: அச்சு.

அண்ணன் கெட்டவர் இல்லை. வாடகை கட்டுகிறவர், அவ்வளவுதான். தலையைச் சொறிந்தார். "சரிங்க, மாஸ்டருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்துடுங்க" என்றார். கை நனைந்தது. கரண்ட் வந்ததும் நான் வேலையை ஆரம்பித்தேன்.

ஆரம்பித்த ஐந்தாவது நிமிஷம் முதல் தர்ம அடி. பெரியவர் கொண்டு வந்த பென் டிரைவ் 8 ஜி.பி. புத்தம் புதுசு, சுத்தமாகக் காலி. ஃபைல் 4.3 ஜி.பி.தான். ஆனால் கம்ப்யூட்டர், ஃபைல் ரொம்பப் பெரிசு, ஏறாது என்றது. எட்டுப் படி அண்டாவில் நாலேகால் படி ஊற்ற முடியாதா? நானும் மறுபடி மறுபடி ஊற்றிப் பார்த்தேன். அது மறுபடி மறுபடி துப்பியது.

விஷயம் என்னவென்றால், அந்தக் காலத்துப் பென் டிரைவ்கள் கம்பெனியிலிருந்து 'ஃபேட் 32' என்ற பழைய முறையில் தயாராகி வரும். அந்த முறையில் ஒரு ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் இருக்கக்கூடாது. இடம் எவ்வளவு இருந்தாலும் சரி. நாலு பேருக்கு மேல் ஏற்றாத ஷேர் ஆட்டோ மாதிரி. (அப்படி ஒன்று எங்கள் ஊரில் இல்லை, உதாரணத்துக்குச் சொன்னேன்.) பென் டிரைவை 'என்.டி.எஃப்.எஸ்.' முறைக்கு ஃபார்மட் செய்தால் சமர்த்தாக ஏறிக்கொள்ளும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று மின்வெட்டு ஆனது.

இன்னொரு குழப்பம். டிஸ்க் மேல் 4.7 ஜி.பி. என்று போட்டிருக்கும், கம்ப்யூட்டரில் பார்த்தால் 4.37 என்று காட்டும். 'மீதி எங்கேடா?' என்று நானே அண்ணனிடம் சந்தேகப்பட்டிருக்கிறேன். டிஸ்க் கம்பெனிக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், கம்ப்யூட்டர் 1024, 1024-ஆக எண்ணுகிறது. சரக்கு அதே சரக்குதான். படிதான் வேறே. பி.காம். படித்தவனுக்கு இது புரியாவிட்டால் வேறு யாருக்குப் புரியும்?

* * *

நான்கு நாள் கழித்துப் பெரியவர் மறுபடி வந்தார். இந்த முறை தம்பி மகனும் கூட. கையில் மஞ்சள் பை. பைக்குள் இருபத்தைந்து டி.வி.டி.

"ஒண்ணுகூட ஓடல சாமி."

மஞ்சள் பையை மேஜை மேல் கவிழ்த்தார். எந்த பிளேயரில் போட்டாலும் 'நோ டிஸ்க்'. மாமன் வீட்டில், பங்காளி வீட்டில், டீக்கடை டி.வி.யில்... ஊர் பூராவும் 'நோ டிஸ்க்'. பெண்ணுக்குக் கல்யாணமே நடக்கவில்லையோ என்று ஊரில் பேச்சாகிவிட்டதாம்.

ஒன்றை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இஞ்சினீயர் தம்பி, ஐ.எஸ்.ஓ. ஃபைலை அப்படியே ஒரு பாட்டு ஃபைலை ஏற்றுகிற மாதிரி டிஸ்க்கில் ஏற்றியிருந்தான். டிஸ்க்கைத் திறந்தால் உள்ளே கல்யாணம் இல்லை. கல்யாணத்தின் ஃபைல், பொட்டலம் பிரிக்காமல் உட்கார்ந்திருக்கிறது. பிளேயருக்கு என்ன தெரியும்? அது 'வீடியோ டி.எஸ்.' ஃபோல்டரைத் தேடும், கிடைக்காவிட்டால் கையை விரிக்கும்.

"ஐயா, வெல்லத்தை அச்சுல ஊத்தணும். உங்க பையன் அச்சையே தட்டுல வெச்சுப் பரிமாறிட்டான்" என்றேன்.

பெரியவர் பையனைப் பார்த்தார். பையன் தரையைப் பார்த்தான். நியாயமாகப் பார்த்தால் தரையைப் பார்க்க வேண்டியவன் நான். அச்சைக் கொடுத்தேனே ஒழிய, எப்படி ஊற்ற வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேனா? கொடுத்ததோடு கடமை முடிந்தது என்று நினைத்தது என் தப்பு.

அன்று ராத்திரி, மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஒரு முழுத் தாளில் எழுதினேன்:

ஒன்று, பென் டிரைவில் இருக்கும் ஃபைலை முதலில் கம்ப்யூட்டருக்குள் காப்பி செய்யவும். பென் டிரைவிலிருந்து நேராக எரிக்க வேண்டாம்.

இரண்டு, ஃபைலை டிஸ்க்குக்குள் இழுத்துப் போடவே கூடாது. விண்டோஸ் 7 என்றால் ஃபைல் மேல் வலது கிளிக் செய்து, 'பர்ன் டிஸ்க் இமேஜ்' என்பதை அமுக்கவும். பழைய விண்டோஸ் என்றால் 'இம்க்பர்ன்' என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். அதிலும் இமேஜை டிஸ்க்கில் எழுது என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்று, வேகம் 16 வேண்டாம். 4 அல்லது 8 போதும். 16-இல் ஆறு நிமிஷம், 4-இல் கால் மணி. பழைய பிளேயர்கள் நிதானமாக எரித்த டிஸ்க்கைத்தான் சண்டை போடாமல் படிக்கும்.

நான்கு, எரித்து முடிந்ததும் 'வெரிஃபை' செய்யவும். டிஸ்க்கில் இருப்பதும் ஃபைலில் இருப்பதும் டேலி ஆகிறதா என்று கம்ப்யூட்டரே சரி பார்க்கும்.

ஐந்து, முதலில் ஒரே ஒரு டிஸ்க் எரித்து, வீட்டு பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டு, அப்புறம் மற்றது. (இருபத்தைந்தையும் அல்ல!)

ஆறு, டிஸ்க் மேல் பேப்பர் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம். அதற்கென்று விற்கும் மார்க்கர் பேனாவால் பேர் எழுதவும்.

ஏழு, கரண்ட் போகிற நேரம் தெரிந்துகொண்டு ஆரம்பிக்கவும். பாதியில் கரண்ட் போனால் அந்த டிஸ்க் டீ கிளாஸ் வைக்கத்தான் ஆகும்.

ஜெராக்ஸ் எடுத்துப் பெரியவரிடம் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஃபோன். "ஓடுது சாமி! ஊரே பாக்குது!" அன்று முதல் கடையில் 'மாஸ்டர் ஃபைல் கிடைக்கும்' என்று ஒரு போர்டு, கூடவே என் ஜெராக்ஸ். வாசகர்களே, அதற்கப்புறம் நான் பத்திரிகைகளில் எவ்வளவோ எழுதிவிட்டேன். ஆனால் ஜனங்கள் பீரோ உள்கதவில் ஒட்டி வைத்துப் படித்த ஒரே எழுத்து அந்த ஏழு வரிதான்.

* * *

போர்டைப் பார்த்து ஒருநாள் கோர்ட்டு குமாஸ்தா ஒருவர் வந்தார். ஃபைலுக்குத் தனியாகக் காசு என்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"1957-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், பதினேழாவது பிரிவு தெரியுமா தம்பி? காசு வாங்கிட்டு, ஒருத்தர் சொல்லி நீ ஃபோட்டோவோ சினிமாவோ எடுத்தா, வேற ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்துல, அதோட உரிமைக்கு முதல் சொந்தக்காரர் காசு கொடுத்தவர்தான். வீடியோவும் சட்டத்தோட கண்ணுக்கு சினிமாதான்."

நான் பி.காமில் வணிகச் சட்டம் பாஸானவன். இது என் காதில் விழுந்ததே இல்லை. அண்ணன் காதில் நன்றாகவே விழுந்தது, அதிலும் 'வேற ஒப்பந்தம்' என்ற இரண்டு வார்த்தை. அடுத்த மாச பில் புத்தகத்தில், எறும்பு எழுத்தில், 'மாஸ்டர் கடைக்கே சொந்தம்' என்று ஒரு வரி முளைத்தது!

(ஒரு எச்சரிக்கை: கல்யாணம் உங்களுடையது, படம் உங்களுடையது. தாலி கட்டும்போது பின்னணியில் ஓடுகிற சினிமாப் பாட்டு உங்களுடையது அல்ல. அதை நெட்டில் ஏற்றினால் பாட்டுக்குச் சொந்தக்காரர் கதவைத் தட்டலாம்.)

இன்னொரு நாள் ஒரு தமிழய்யா. அதியமான்கோட்டைக்காரர். காப்பி வாங்க வந்தவரைக் கரண்ட் உட்கார வைத்துவிட்டது. இருட்டில் பேச்சு எங்கெங்கோ போய் அதியமானில் வந்து நின்றது. தர்மபுரிக்காரர்கள் இரண்டு பேர் பத்து நிமிஷம் பேசினால் அதியமான் வந்துதானே ஆக வேண்டும்?

"அதியமான்கிட்ட இருந்தது ஒரே ஒரு நெல்லிக்கனி. தான் தின்னாம அவ்வைக்குக் கொடுத்தான்" என்றார்.

"ஐ.எஸ்.ஓ. இருந்திருந்தா ரெண்டு பேரும் தின்னிருக்கலாங்கய்யா" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. "சரியாத்தான் சொன்னே. நம்ம ஊருக்குப் பழைய பேரு தகடூர். அந்தத் தகடூர்ப் போரைப் பத்தி 'தகடூர் யாத்திரை'ன்னு ஒரு நூல் இருந்தது. இப்ப முழுசா இல்லை. புறத்திரட்டுங்கற தொகுப்புலயும், உரைகாரங்க எடுத்துக் காட்டின இடத்துலயும் கொஞ்சம் பாட்டு மிச்சம், அவ்வளவுதான். புறநானூறு மட்டும் எப்படித் தப்பிச்சது? ஓலை மக்கறதுக்கு முன்னாடி தலைமுறை தலைமுறையா யாரோ படி எடுத்துக்கிட்டே வந்தாங்க. ஊர் ஊராச் சுவடி தேடி, ஒண்ணோட ஒண்ணு ஒத்துப் பாத்து, உ.வே.சா. 1894-ல அச்சுல கொண்டாந்தார். படி எடுத்தது பிழைச்சது. எடுக்காதது போச்சு."

கரண்ட் வந்தது. அவர் காப்பியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நானும் அதை மறந்துவிட்டேன். ஞாபகப்படுத்த 2015 வந்தது.

* * *

2015-ல் ஒரு காலை கம்ப்யூட்டரைப் போட்டேன். ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று பல்லி மாதிரி ஒரு சத்தம். அப்புறம் அதுவும் இல்லை. கஜானா காலி. சேலத்துக்கு எடுத்துப் போய்க் காட்டினோம். பெங்களூருக்கு அனுப்பினோம். கையை விரித்துவிட்டார்கள். ஐந்து வருஷத்துக் கல்யாணங்கள், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு, எல்லாம் போச்சு.

அண்ணன் முதலில் நஷ்டக் கணக்குத்தான் போட்டார். அப்புறம் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். "டிஸ்க் கீறல் விழுந்துடுச்சு, இன்னொரு காப்பி போட்டுக் கொடுங்க." "அம்மா தவறிட்டாங்க, அந்த வீடியோவுல இருக்காங்க, ஒரு காப்பி..." அண்ணன் ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்ல முடியாமல், கடைசியில் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே பின்பக்கம் போய்விடுவார். அந்த வருஷமே கடையை மூடினோம்.

எரித்த டிஸ்க்கின் குணமே அப்படி. கடையில் விற்கும் சினிமா டி.வி.டி. அச்சில் குத்தி எடுத்தது. நாம் எரிக்கிற டிஸ்க்கில் இருப்பது ஒரு மெல்லிய சாயப் பூச்சு. லேசர் சுட்ட இடம், சுடாத இடம் என்று அதில்தான் மொத்தக் கல்யாணமும் எழுதியிருக்கிறது. வெயில், சூடு, ஈரம் பட்டால் சாயம் வெளுக்கும். சுட்ட பழத்துக்கும் சுடாத பழத்துக்கும் வித்தியாசம் அவ்வைக்கே தெரியவில்லையே, டி.வி.டி. பிளேயருக்கு எங்கே தெரியப் போகிறது?

ஃபைல் வாங்கிப் போனவர்கள் பத்துக்கு ஒருத்தர்கூட இருக்க மாட்டார்கள். அவர்கள் யாரும் வரவில்லை. வரவேண்டிய அவசியமும் இல்லை.

* * *

சரி, ஊருக்கெல்லாம் ஏழு வரி எழுதிக் கொடுத்தவன் வீட்டுக் கதை?

என் தங்கச்சி கல்யாணம் 2013, தை மாசம். எங்கள் கடைதான் எடுத்தது. நான்தான் எடிட்டிங். இரண்டு டிஸ்க். ஒன்று வரவேற்பு, இரண்டாவது முகூர்த்தம். ஃபைலைத் தனியாக எடுத்து வைத்தேனா? இல்லை. 'நம்ம கடைதானே, எப்ப வேணும்னாலும் போட்டுக்கலாம்!' போதாததற்கு, வீட்டுக் கல்யாணமாச்சே என்று, பிள்ளையார் படம் போட்ட பளபள பேப்பர் ஸ்டிக்கர் வேறு ஒட்டினேன். ஆறாவது வரியை எழுதிய அதே கையால்!

அப்பா 2018-ல் காலமானார். கண்டக்டராக இருந்து ரிட்டயரானவர். வீட்டில் அதிகம் பேச மாட்டார். பகலெல்லாம் 'உள்ளே போ, உள்ளே போ' என்று கத்திவிட்டு வருகிறவருக்குச் சாயங்காலம் பேச என்ன இருக்கும்? செல்ஃபோனில் அவர் ஃபோட்டோ நிறைய இருந்தது. குரல் எதிலும் இல்லை.

வருஷத் திதிக்கு வந்த தங்கச்சி கேட்டாள். "அண்ணா, என்னோட கல்யாண வீடியோவுல அப்பா மாப்பிள்ளைகிட்ட ஏதோ பேசுவாரே, முகூர்த்தம் முடிஞ்சதும்? அதைப் போடேன்."

பீரோவைத் திறந்து டிஸ்க்கை எடுத்தேன். ஸ்டிக்கர் ஓரம் சுருண்டு, பிள்ளையாருக்குக் குமிழ் குமிழாகக் கொப்புளம். இரண்டாவது டிஸ்க் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது. வேறு டிரைவ், வேறு பிளேயர், ஊரில் மிச்சமிருந்த எல்லாவற்றிலும் போட்டேன். அதே பழைய 'நோ டிஸ்க்'. தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. அவள் திட்டியிருக்கலாம் என்று இப்போதும் தோன்றுகிறது.

முதல் டிஸ்க் கொஞ்சம் மனசு வைத்தது. படிக்க முடிந்ததைப் படித்து, முடியாததைத் தாண்டிப் போகிற சாஃப்ட்வேர் ஒன்றை ராத்திரி பூரா ஓடவிட்டேன். விடிகாலையில் இருபத்தாறு நிமிஷம் தேறியது. அதில் பெரும்பகுதி பந்தி. (வடை வைத்திருக்கிறார்கள்.)

அந்தப் பந்தியில்தான் அப்பா வருகிறார். தண்ணீர் ஜக்கோடு நடுவில் நிற்கிறார். காமிரா லைட் முகத்தில் அடிக்கிறது. கையை நெற்றியில் வைத்து மறைத்துக்கொண்டு, எங்கள் கடை காமிராப் பையனிடம் சொல்கிறார்:

"ஏம்பா, அந்த லைட்டைக் கொஞ்சம் அந்தாண்ட திருப்பு, கண்ணு கூசுது. ஆமா, நீ சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். பதினோரு வினாடி. எங்கள் வீட்டுத் தகடூர் யாத்திரை.

* * *

போன வருஷம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் வெல்லக்காரப் பெரியவரைப் பார்த்தேன். முதுகு கொஞ்சம் வளைந்திருந்தது. குரல் வளையவில்லை.

"டி.வி.டி. எல்லாம் இன்னும் ஓடுதுங்களா ஐயா?"

"அது எங்க சாமி ஓடுது! ஓட்டற பொட்டியே எங்க ஊர்ல இல்ல. அந்தத் தட்டெல்லாம் காக்கா வெரட்ட வயல்ல கட்டித் தொங்கவிட்டாச்சு."

எனக்கு நெஞ்சு திக்கென்றது. பெரியவர் சிரித்தார்.

"அச்சு இருக்குதே! தம்பி மகன்கிட்ட ஒண்ணு, ஓசூர்ல ஒண்ணு, எம் மவ வூட்ல ஒண்ணு. பேரப்பய போனவாட்டி வந்தப்ப அதையே செல்லுல போட்டுக் காட்டினான். எங்கப்பன் அதுல உக்காந்து வெத்தலை இடிக்கறாரு. செத்து ஒம்பது வருசமாச்சு!"

வி.எச்.எஸ். கேசட் போனது. கடைசி வரை வி.சி.ஆர். செய்து வந்த ஜப்பான் ஃபுனாய் கம்பெனி 2016-ல் நிறுத்திக்கொண்டது. வி.சி.டி. போனது, டி.வி.டி.யும் போய்க்கொண்டிருக்கிறது. இன்று வாங்கும் பெரும்பாலான லேப்டாப்பில் டிஸ்க் போட ஓட்டையே இல்லை. தட்டு மாறிக்கொண்டே இருக்கும். அச்சு கையில் இருக்கிறவன், எந்தத் தட்டு வந்தாலும் ஊற்றிக்கொள்வான்.

ஆபீஸ் முடிந்து பஸ்ஸில் இதைப் படித்துக்கொண்டிருக்கும் தம்பிமார்களே, இன்று வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறங்கள். பட்டுப் புடவைக்கு அடியில் ஒரு டிஸ்க் இருக்கும். தெரிந்தவர் யாரிடமாவது வெளியே மாட்டுகிற டிரைவ் இருக்கும், கடன் வாங்குங்கள். ஒரு அச்சு எடுங்கள். மூன்று வீட்டில், மூன்று பேரிடம் வையுங்கள். நம்ம கடைதானே, நம்ம பீரோதானே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

அந்தப் பதினோரு வினாடி இப்போது ஏழு இடத்தில் இருக்கிறது. தங்கச்சி வீட்டில் இரண்டு. அவளுடைய பெண்ணுக்கு எட்டு வயசு. சாப்பிடும் நேரம் யாராவது வீட்டுக்கு வந்தால், நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, தாத்தா குரலிலேயே கேட்கிறாளாம்:

"ஆமா, நீ சாப்பிட்டியா?"

எட்டாவது காப்பி!